ஒரு ரொட்டியிலிருந்து தொடங்குங்கள்: அரபுத் தத்துவத்தில் பொருளியலைத் தேடுவோருக்கு

இஸ்லாமிய இறையியல் அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது நூல்களின் தொகுப்பு. அதில் 32ஆவது நூல் பொறுமையையும் நன்றியையும் பற்றியது. இறைவன் தந்த உணவுக்கு மனிதன் எப்படி நன்றி செலுத்துவது என்று பேசிக்கொண்டே வருகிறவர், ஓரிடத்தில் ஒரு ரொட்டியை நினைத்து நின்றுவிடுகிறார். உழுதவர், விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், பிசைந்தவர், சுட்டவர், இவர்களுக்கெல்லாம் கருவி செய்து கொடுத்த தச்சர், கொல்லர் என்று எண்ணிக்கொண்டே போகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உழைக்காமல் ஒரு ரொட்டி வட்டமாக உருவாகாது என்கிறார். சின்னஞ்சிறு ஊசிகூட, அதைச் செய்பவர் கையில் 25 முறை ஏறி இறங்கித்தான் ஊசியாகிறது என்கிறார்.

கஸ்ஸாலி காலமானது 1111இல். 1776இல் வெளிவந்த தம் ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் ஒரு குண்டூசிப் பட்டறையைக் காட்டுகிறார். ஒரு குண்டூசிக்கு ஏறத்தாழ 18 தனித்தனி வேலைகள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் யாருக்கும் நெஞ்சு ஒரு முறை துள்ளும். அப்படியானால் ஸ்மித் இங்கிருந்துதான் எடுத்தாரா? எனக்கும் அப்படித்தான் துள்ளியது. அந்தத் துள்ளலோடு இந்தத் துறைக்குள் வாருங்கள். அந்தக் கேள்வியை மட்டும் கொஞ்ச நாள் வாசலிலேயே இருக்கவிடுங்கள். யார் முந்தி என்று தேடத் தொடங்கியவர்கள் பலர், கஸ்ஸாலியின் மேற்கோள் பத்து வைத்திருப்பார்கள். கஸ்ஸாலியின் ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வரி எந்த நூலில், எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்கப் பழகினால் இந்தத் துறையின் பாதி வேலை கைக்கு வந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்துக்கான வழிதான்.

முதல் படி: ஒரே உதாரணம், மூன்று நூல்கள்

எடுத்த எடுப்பில், பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். பெரிய நூல், பாதியில் நின்றுபோனவர்கள் நிறைய. முதல் மாதத்துக்கு மூன்று பத்திகள் போதும். ஒன்று, மேலே சொன்ன கஸ்ஸாலியின் ரொட்டி. இரண்டு, முகத்திமாவின் முதல் அத்தியாயத் தொடக்கத்தில் வரும் கோதுமை. ஒருவர் ஒரு நாள் சாப்பிட வேண்டுமானால்கூட மாவரைக்கவும் பிசையவும் சுடவும் வேண்டும், அதற்குக் கொல்லரும் தச்சரும் குயவரும் வேண்டும் என்று இப்னு கல்தூன் அங்கே எழுதுகிறார். மூன்று, ஸ்மித்தின் குண்டூசி.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே குறிப்பு: இந்தப் பத்திக்கு முன்னால் ஆசிரியர் எதைப் பேசிக்கொண்டிருந்தார், இதை முடித்ததும் எங்கே போகிறார். முன்னும் பின்னும் ஐந்து பக்கமாவது படிக்காமல் இதை எழுத முடியாது. பயிற்சியே அதுதான்.

எழுதி முடித்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கஸ்ஸாலி ரொட்டியிலிருந்து இறைவனின் அருளுக்குப் போகிறார். இத்தனை பேரை ஒருவருக்கொருவர் இசைய வைத்தது யார் என்பது அவர் வியப்பு. இப்னு கல்தூன் கோதுமையிலிருந்து சமூகத்துக்கும், அங்கிருந்து அரசுக்கும் போகிறார். தனி மனிதன் பிழைக்க முடியாது, கூடி வாழ வேண்டும், கூடினால் சண்டை வரும், சண்டையைத் தடுக்க ஒரு கை வேண்டும். ஸ்மித் குண்டூசியிலிருந்து உற்பத்தி எப்படிப் பெருகுகிறது என்பதற்குப் போகிறார். உதாரணம் உறவுக்காரர்கள் போல இருக்கிறது. வாதம் மூன்று திசையில் போகிறது. இதை யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது வேறு, நோட்டில் நீங்களே எழுதிப் பார்ப்பது வேறு.

இரண்டாம் படி: எந்த அலமாரி என்று பாருங்கள்

இதில்தான் நான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இன்றைய அரபியில் பொருளாதாரத்துக்கு ‘இக்திசாத்’ என்று பெயர். ஒரு நூலக அட்டவணையில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினேன். கஸ்ஸாலியின் பெயரிலேயே ஒரு நூல் வந்தது: ‘அல் இக்திசாத் ஃபில் இஃதிகாத்’. பொருளாதாரத்துக்கென்று அவர் தனி நூலே எழுதியிருக்கிறார் என்று நம்பி, அலைந்து, பிரதி எடுத்து வந்தேன். திறந்தால் முழுக்க இறையியல். பழைய அரபியில் இக்திசாத் என்றால் நடுநிலை, மிதம். நூலின் பெயருக்குப் பொருள் ‘நம்பிக்கையில் நடுநிலை’. பொருளாதாரம் என்ற பொருள் அந்தச் சொல்லின்மேல் வெகு பிற்காலத்தில் ஏறியது.

அப்படியானால் பழைய நூல்களில் எந்தச் சொல்லைத் தேடுவது? ஒரே சொல் கிடையாது, ஏனென்றால் ஒரே துறையும் கிடையாது. தத்துவவாதிகள் நடைமுறைத் தத்துவத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னை ஆள்வது, வீட்டை ஆள்வது, நகரத்தை ஆள்வது. நடுவில் உள்ளதற்கு ‘தத்பீருல் மன்ஸில்’ என்று பெயர், அதாவது இல்ல நிர்வாகம். கிரேக்கத்தின் ‘ஒய்கோனோமியா’ அரபிக்குள் இந்தப் பெயரில்தான் வந்தது. இதற்கு ஆதாரமாக இருந்த சிறு நூல் ப்ரைசன் என்ற கிரேக்கருடையது. சொத்து, அடிமை, மனைவி, குழந்தை என்று நான்கு பகுதி. கிரேக்க மூலம் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அரபு மொழிபெயர்ப்பு முழுதாக இருக்கிறது. ஒரு தொழிலுக்கு இன்னொரு தொழில் எப்படித் தேவைப்படுகிறது, அதனால் நாணயம் ஏன் தேவைப்படுகிறது என்பதெல்லாம் அதிலேயே வருகிறது. கஸ்ஸாலியின் ரொட்டியைப் படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தத்துவ அலமாரி இது ஒன்று. வரி பற்றித் தேடினால் சட்ட நூல்களுக்குப் போக வேண்டும். கலீஃபா ஹாரூன் அர் ரஷீதுக்காக அபூ யூசுஃப் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நிலவரி பற்றிய நூல். குறிப்பிட்ட தொகையைக் கட்டச் சொல்வதைவிட விளைச்சலில் பங்கு வாங்குவது நல்லது என்று அதில் அவர் வாதிடுகிறார். அபூ யூசுஃப் இறந்தது 798இல். விலைவாசி பற்றித் தேடினால் ‘ஹிஸ்பா’ நூல்கள், அதாவது சந்தைக் கண்காணிப்பு. விலை ஏறுவது எப்போதும் வியாபாரியின் அநியாயத்தால் அல்ல, பொருள் குறைந்தாலும் ஆள் பெருகினாலும் ஏறும் என்று மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா சொன்னது அப்படிப்பட்ட ஒரு நூலில்தான். பஞ்சம், செப்புக்காசு, லஞ்சம் பற்றி மக்ரீஸி எழுதியது வரலாற்று அலமாரியில். அவர் கெய்ரோவில் சந்தைக் கண்காணிப்பாளராக, முஹ்தஸிபாக, வேலை பார்த்தவர். எகிப்தின் பஞ்சத்துக்குக் காரணமாக அவர் அடுக்குபவை பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்பட்டது, நிலக்குத்தகை ஏறியது, செப்புக்காசு பெருகியது. வியாபாரிக்கு அறிவுரை சொல்லும் கையேடுகள் தனியே இருக்கின்றன.

ஒரு மேற்கோள் கையில் கிடைத்தால் அது இவற்றில் எங்கிருந்து வந்தது என்று முதலில் எழுதுங்கள். நீதிபதி சொல்வது தீர்ப்புக்காக, தத்துவவாதி சொல்வது நல்வாழ்வுக்காக, முஹ்தஸிப் சொல்வது நாளைக் காலைச் சந்தைக்காக.

மூன்றாம் படி: பெயரும் ஆண்டும்

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இதில் சறுக்கிய கட்டுரைகள் அச்சிலேயே இருக்கின்றன. இப்னு ருஷ்து என்று இரண்டு பேர். தாத்தா பெரிய சட்ட அறிஞர். பேரன்தான் லத்தீனில் அவெரோஸ் என்று பெயர் பெற்ற தத்துவவாதி. தாத்தா இறந்ததும் பேரன் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1126இல். பேரனும் நீதிபதி, அவரும் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்ற சட்ட நூல் எழுதியவர். வட்டி, வியாபாரம் பற்றி இப்னு ருஷ்து சொன்னதாக எதையாவது பார்த்தால், தாத்தாவா பேரனா என்று பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். டிமஷ்கி என்ற பெயரிலும் இதே சிக்கல்: வணிகக் கையேடு எழுதியவர் ஒருவர், புவியியல் எழுதியவர் வேறொருவர். டமாஸ்கஸ்காரர் எல்லோருமே டிமஷ்கிதான்.

ஹிஜ்ரி ஆண்டை மாற்ற ஒரு சுருக்கு வழி: 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். முகத்திமாவின் முதல் வடிவத்தை இப்னு கல்தூன் முடித்தது ஹிஜ்ரி 779. பெருக்கினால் 755.6, கூட்டினால் 1377. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு சலாமா என்ற கோட்டையில் இருந்துகொண்டு ஐந்தே மாதத்தில் எழுதினார்.

ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்தாலே பல வாதங்கள் தாமாக விழுந்துவிடும். கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 1274இல் இறந்தார். இப்னு கல்தூன் பிறந்ததே 1332இல். இவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை. முகத்திமாவின் அரபு மூலம் கெய்ரோவிலும் பாரிஸிலும் முழுமையாக அச்சேறியது 1850களில், ஸ்மித்தின் நூல் வந்து வெகு காலம் கழித்து. மறுபக்கம், இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலின் அறநூலுக்கு எழுதிய உரை 1240இல் டொலேடோ நகரில் லத்தீனுக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவின் பள்ளிகள் அதைப் படித்தன. கைமாற்றம் என்று பேச வேண்டுமானால் இப்படிப் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கும் இடத்தில் பேசுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த உரையின் அரபு மூலம் பெரும்பாலும் தொலைந்துவிட்டது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலுக்கு அவர் எழுதிய உரை எபிரேய மொழிபெயர்ப்பில் மட்டுமே பிழைத்திருக்கிறது. அரபுத் தத்துவத்தைத் தேடிப் போகிறவர் எபிரேயத்திலும் லத்தீனிலும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: மொழி

அரபி தெரியாமல் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் ஃப்ரான்ஸ் ரோசெந்தால் 1958இல் வெளியிட்ட முகத்திமா மூன்று தொகுதி. அதைச் சுருக்கிய ஒற்றைத் தொகுதி மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது. படித்துப் பழக அது போதும், ஆனால் மேற்கோள் காட்ட முழுப் பதிப்புக்குத்தான் போக வேண்டும். சுருக்கத்தில் முன்னும் பின்னும் வெட்டுப்பட்டிருக்கும், நமக்கு வேண்டியதோ அந்த முன்னும் பின்னும்தான்.

ஓர் ஆண்டில் எழுத்தும் அடிப்படை இலக்கணமும் வந்துவிட்டால், வேர்ச்சொல்லைப் பிடித்து அகராதியில் தேடத் தெரிந்தால், மொழிபெயர்ப்பின் ஒரு வரியை மூலத்தோடு ஒப்பிடலாம். அதுதான் முதல் இலக்கு. அரபு அகராதிகள் பெரும்பாலும் வேரின்கீழ்தான் சொற்களை அடுக்கும். தத்பீரைத் தேட வேண்டுமானால் அதன் மூன்று வேரெழுத்துகளுக்குப் போக வேண்டும். மூல நூல்கள் பல ‘மக்தபா ஷாமிலா’ என்ற இலவச மின்னூலகத்தில் இருக்கின்றன. சொல் தேட அது அருமையானது. ஆனால் பக்க எண்ணை அச்சுப் பதிப்போடு சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

தமிழருக்கு இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. மகசூல், தாசில்தார் இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து, கையில் சேர்ந்தது என்ற பொருளிலிருந்து, நிலவரி நிர்வாகத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. பாக்கி, வசூல், கஜானா, அசல், நகல், ரத்து எல்லாமே அப்படி வந்தவைதான். கராஜ் பற்றிய ஒரு பக்கத்தைத் திறந்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பது போல இருக்கும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘ரிஸ்க்’ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம்; மற்றவர்களுக்கு: இறைவன் அளிக்கும் வாழ்வாதாரம். முகத்திமாவின் ஐந்தாம் அத்தியாயம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது: மனிதன் துய்த்துப் பயன்பெறுவது ரிஸ்க், முயன்று ஈட்டுவது ‘கஸ்ப்’. ஈட்டியது மனித உழைப்பின் மதிப்பு என்று அங்கே அவர் சொல்கிறார். உழைப்பின் மதிப்பைப் பேசும் பிற்காலப் பொருளியல் கோட்பாடுகளோடு இதை ஒட்டவைக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். ரிஸ்க் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் இறையியலைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள்: நோட்டில் பெயர்களையும் கலைச்சொற்களையும் அரபு எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு வகை ‘ஸ’வும் இரண்டு வகை ‘ஹ’வும் ஒன்றாகிவிடும், ஆறு மாதம் கழித்து எந்த வேர் என்று உங்களுக்கே தெரியாது.

ஐந்தாம் படி: ஒரு சொல்லின் பின்னால் நடந்து போங்கள்

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த நடை இது. அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஐந்தாம் பகுதியில், நாணயத்துக்கு கிரேக்கத்தில் ‘நோமிஸ்மா’ என்று பெயர் வந்தது ஏன் என்கிறார். அது இயற்கையில் உள்ளதல்ல, ‘நோமோஸ்’, அதாவது மனிதர் வகுத்த வழக்கினால், சட்டத்தினால் உள்ளது. சொல்லுக்குள்ளேயே ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது. இந்தச் சிலேடையை அரபியில் எப்படிக் கொண்டுவருவது? தீனார் என்ற சொல்லுக்கும் சட்டம் என்ற சொல்லுக்கும் அரபியில் ஒலி உறவே கிடையாது.

1030இல் இறந்த தத்துவவாதி மிஸ்கவைஹியின் ‘தஹ்தீபுல் அக்லாக்’ நூலைத் திறந்து நீதி பற்றிய பகுதிக்குப் போங்கள். தீனார் என்பது நீதியான ஒரு ‘நாமூஸ்’ என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக எழுதுகிறார். கிரேக்கத்தின் நோமோஸ் அப்படியே நாமூஸாக அரபிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாசகருக்கு விளங்க வேண்டுமே என்று அவரே பொருளும் தருகிறார்: கிரேக்கர் மொழியில் நாமூஸ் என்றால் ஆட்சியும் ‘தத்பீரும்’, அதாவது நிர்வாகமும். பிறகு மூன்று நாமூஸ்களை அடுக்குகிறார். முதலாவது இறைவனிடமிருந்து வந்த சட்டம், அடுத்தது ஆட்சியாளர், மூன்றாவது தீனார். சிலேடை போய்விட்டது. அதற்குப் பதிலாக, அரிஸ்டாட்டிலிடம் இல்லாத ஒரு படிவரிசை பிறந்திருக்கிறது. பேசாத நீதிபதியாக நாணயம் சந்தையில் நிற்கிறது, அதற்கு மேலே ஆட்சியாளர், அதற்கும் மேலே மறை.

அங்கிருந்து இன்னும் போகலாம். நசீருத்தீன் தூசி பாரசீகத்தில் எழுதிய ‘அக்லாகே நாசிரி’யின் அறப்பகுதி மிஸ்கவைஹியைப் பின்பற்றுகிறது, அரசியல் பகுதி ஃபாராபியைப் பின்பற்றுகிறது, நடுவிலுள்ள இல்ல நிர்வாகம் ப்ரைசனிடமும் இப்னு சீனாவிடமும் போகிறது. அந்த நூல் முகலாய அரசவையில் விரும்பிப் படிக்கப்பட்டது. ஏதென்ஸில் கிளம்பிய ஒரு வாதம் பாக்தாத் வழியாக ஆக்ராவுக்கு வந்து சேர்ந்ததை ஒரு சொல்லைப் பிடித்தே பார்த்துவிடலாம். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். கஸ்ஸாலி நாணயத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுவதையும் கூடவே படியுங்கள். கண்ணாடிக்கென்று நிறம் இல்லை, எல்லா நிறத்தையும் அது காட்டும். அதுவும் ரொட்டி வரும் அதே 32ஆவது நூலில்தான் இருக்கிறது.

ஆறாம் படி: ஆய்வாளர்களைப் படிப்பது

இதை ஆறாவதாக வைத்திருப்பது வேண்டுமென்றேதான். மூலத்தில் கொஞ்சம் ஊறிய பிறகு ஆய்வுக் கட்டுரைகளுக்குப் போனால் அவர்களோடு பேசலாம். முதலிலேயே போனால் அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதோடு முடியும்.

ஆய்வாளர்களிடையே நடக்கும் சண்டையின் தொடக்கம் தெரிந்திருக்க வேண்டும். பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டரின் ‘பொருளியல் பகுப்பாய்வு வரலாறு’ அவர் மறைந்தபின் 1954இல் வந்தது. அதில் கிரேக்க ரோமானியக் காலத்தைப் பேசிவிட்டு, அக்வினாஸ் வரை ஐந்நூறு ஆண்டுகளைத் தைரியமாகத் தாண்டிவிடலாம் என்று எழுதினார். ‘பெரும் இடைவெளி’ என்று பெயர் பெற்றது இதுதான். அதை நிரப்பக் கிளம்பியவர்களில் எஸ். எம். கஸன்ஃபரும் அப்துல் அஸீம் இஸ்லாஹியும் முக்கியமானவர்கள். அவர்கள் உழைப்பால்தான் இன்று கஸ்ஸாலியின் ஊசி நம் கண்ணில் பட்டது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் இடைவெளியை நிரப்பும் வேலைக்கு ஓர் ஆபத்து உண்டு. இடைவெளியின் அளவை ஷும்பீட்டர் வெட்டிவிட்டார். அந்த அளவுக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் அரபு நூல்களிலிருந்து வெட்டி எடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. தேவை, வழங்கல், உழைப்பு மதிப்பு என்று இன்றைய பாடநூல் தலைப்புகளின்கீழ் மேற்கோள்கள் விழுகின்றன. நன்றியும் ரிஸ்கும் வெளியே நிற்கின்றன. இந்தப் போக்கைக் கேள்வி கேட்டு யாசின் எஸ்ஸித் எழுதியதையும் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.

வெட்டி எடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு வரி பற்றிய பகுதியே சாட்சி. 1981 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரீகன் செய்தியாளர் கூட்டத்தில் இப்னு கல்தூனை மேற்கோள் காட்டினார்: ஓர் அரசமரபின் தொடக்கத்தில் குறைந்த வரியில் நிறைய வருவாய், முடிவில் நிறைய வரியில் குறைந்த வருவாய். வரிக்குறைப்புக்கு அது வசதியாக இருந்தது. முகத்திமாவின் மூன்றாம் அத்தியாயத்தில் அதைத் தேடிப் படித்துப் பாருங்கள். தொடக்க அரசு வரியைக் குறைவாக வைப்பதற்குக் காரணம், அது மார்க்கம் விதித்ததை மட்டும் வாங்குகிறது, பாலைவன எளிமையை இன்னும் மறக்கவில்லை என்பது. பிறகு ஆடம்பரம், படைச்சம்பளம், செலவு; சந்தை வாசல்களில் புதிய தீர்வைகள்; ஆட்சியாளரே வியாபாரத்தில் இறங்கிக் குடிகளை நசுக்குவது. வரி விகிதம் என்பது அவருக்கு ஒரு நோயின் அறிகுறி. நோய், ஒரு மரபு முதுமை அடைவது.

ஏழாம் படி: மூன்று பக்கம் எழுதுங்கள்

ஆறு மாதம் ஆனதும் ஒரு பத்தியைப் பற்றி மூன்று பக்கம் எழுதுங்கள். பத்தியின் முழு மொழிபெயர்ப்பு உங்கள் தமிழில், அது எந்த அலமாரி, முன்பின் என்ன, அதிலுள்ள ஒரு சொல்லின் பயணம். ஒப்பீடு வேண்டுமானால் கடைசி அரைப்பக்கத்தில். பெரிய தலைப்பு வேண்டாம்.

எழுதியதை இரண்டு பேரிடம் காட்டுங்கள். பொருளியல் படித்த ஒருவர், அரபு நூல் ஓதிய ஒருவர். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மதரஸாக்கள் இருக்கின்றன; அங்கே பாடம் சொல்பவரை ஹஜ்ரத் என்பார்கள். நேரம் கேட்டுப் போனால் ஒரு பக்கம் சேர்ந்து படிக்க மறுக்கும் ஹஜ்ரத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. இஹ்யாவின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். பொருளாதாரம், ஆடம் ஸ்மித் என்ற பேச்சையே முதலில் எடுக்காமல், ‘ஹஜ்ரத், இந்த இடத்தில் இமாம் எதைப் பற்றிச் சொல்கிறார்?’ என்று மட்டும் கேளுங்கள். ரொட்டிக்கு வருவதற்கு முன் அவர் நன்றியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இடையில் குறுக்கிடாமல், அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.